சரவாங்கிக்காரருக்குத் தூசி வேலை: முகமூடியா, இட மாற்றமா, விலகலா?

சித்தப்பாவின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு நுரையீரலிலும் ஓரமாக ஐந்தாறு வெள்ளை வட்டங்கள். சிறியது குண்டுமணி அளவு, பெரியது நெல்லிக்காய் அளவு. கோவையில் ஒரு பவுண்டரியில், அதாவது உலோக வார்ப்படக் கூடத்தில், 22 வருடமாக வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தமாக்கும் ஃபெட்லிங் வேலை செய்கிறவர். மூன்று வருடமாகச் சரவாங்கி என்கிற முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. காபித் தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத்தான் தூக்குவார். மூட்டு வலிக்கும் நெஞ்சில் இருக்கும் வட்டங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சம்பந்தம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எழுதி 70 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கார்டிஃப் நகரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சுப் படங்களைப் பார்த்துவந்த ஆன்டனி காப்லன் என்ற மருத்துவர் 1953இல் அதைப் பதிவு செய்தார். வழக்கமான கரித்தூசி நோயில் படம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள் இருக்கும். முற்றினால் மேல் பகுதியில் பெரிய திட்டுகளாகச் சேரும். சரவாங்கியும் உள்ள தொழிலாளர்களுக்கோ அரை சென்டிமீட்டர் முதல் ஐந்து சென்டிமீட்டர் வரையுள்ள உருண்டையான கட்டிகள், நுரையீரலின் ஓரங்களில், சில நேரம் திடீரென்று கூட்டமாகத் தோன்றின. பின்னணியில் தூசியின் அடையாளம் கொஞ்சமாகவே இருக்கும். காப்லன் நோய்க்கூட்டு என்று அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள். பிறகு பார்த்ததில் அது கரிக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தது. மணலிலும் கல்லிலும் உள்ள சிலிக்கா என்ற கனிமத்தின் தூசி பறக்கும் பவுண்டரி, மணல் பீய்ச்சும் வேலை, பீங்கான் வேலை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. கட்டிகள் மூட்டு வலியோடு சேர்ந்து வரலாம், அதற்குப் பின்னால் வரலாம், பல வருடம் முன்னாலும் வரலாம்.

இன்னொரு கோணமும் உண்டு. சரவாங்கி வருவதற்கே தூசி ஒரு காரணமாக இருக்கலாம். சுவீடனில் நடந்த ஆய்வுகளில், பாறை துளைக்கும் வேலையும் கல் உடைக்கும் வேலையும் செய்த ஆண்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. குறிப்பாக ஆன்ட்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ள வகை. அதோடு புகைப் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகுகிறது. சித்தப்பா தினம் ஒரு கட்டு பீடி குடித்தவர். ஃபெட்லிங் என்பது மணல் அச்சை உடைத்து எடுத்த வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கை கிரைண்டரால் தேய்த்து எடுப்பது. அந்த மணலில் பெரும்பகுதி சிலிக்கா.

ஆக, வீட்டில் எங்கள் முன்னால் இருந்தது ஒரு முடிவு. முகமூடி போட்டுக்கொண்டு அதே வேலையைத் தொடர்வதா, தூசியைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்பதா, அதே கம்பெனியில் வேறு பிரிவுக்குப் போவதா, வேலையையே விட்டுவிடுவதா. இதே நிலையில் கிரஷரிலும் கல் குவாரியிலும் கிரானைட் பாலிஷ் பட்டறையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாங்கள் அலசிப் பார்த்ததை அவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. அந்த வட்டங்கள் எவை என்று உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நாங்கள் அதில் ஏமாந்தோம். முதலில் போன இடத்தில் படத்தைப் பார்த்ததும் காசநோய் என்றார்கள். சளியைச் சோதிக்கவே இல்லை. ஸ்டீராய்டு தவிர மற்ற சரவாங்கி மருந்தை நிறுத்திவிட்டு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வட்டங்கள் அசையவில்லை, மூட்டுகள்தான் பந்தாக வீங்கின. இன்னொரு காரணமும் இருந்தது பிறகுதான் புரிந்தது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், உடம்பில் ஸ்டீராய்டைச் சீக்கிரம் சிதைத்து வெளியேற்றிவிடும். சித்தப்பா விழுங்கிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பாதி பயனில்லாமல் போயிருக்கிறது. சித்தி அந்த ஆறு மாதமும் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டார்.

இதை வைத்துக் காசநோய்ச் சந்தேகமே வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் மிக எளிதாகப் பற்றும். சரவாங்கி மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதால் ஆபத்து கூடும். காப்லன் கட்டி சில சமயம் நடுவில் குழி விழுந்து அச்சு அசல் காசநோய்க் குழி மாதிரியே தெரியும். அதனால்தான் சந்தேகம் வந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்கிறேன். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான மூலக்கூறு சோதனை இலவசமாகவே கிடைக்கிறது. படத்தை மட்டும் நம்பி மாத்திரை தொடங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

எக்ஸ்ரே போதுமா, சி.டி. ஸ்கேன் வேண்டுமா, ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டுமா என்று அடுத்த குழப்பம். எக்ஸ்ரே மலிவு, கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆனால் சிறிய கட்டிகளையும், சரவாங்கியால் வருகிற இன்னொரு நோயான நுரையீரல் தழும்பையும் அது தவறவிடும். ஒரு முறையாவது நுண்துல்லிய சி.டி. எடுத்துவிடுவது நல்லது. கூடவே மூச்சுத் திறன் சோதனையும். சதை எடுப்பதை எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை. கட்டி ஒன்றே ஒன்றாக இருந்தால், வேகமாக வளர்ந்தால், ஓரம் முள் முள்ளாக இருந்தால் செய்தே ஆக வேண்டும். படிகச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. பீடி குடித்தவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் எங்களுக்கு அதிகம் உதவியது எது தெரியுமா? பீரோவின் அடித்தட்டில் கிடந்த நான்கு வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே. அதிலேயே இரண்டு வட்டங்கள் இருந்தன, அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில். மார்பு நோய் மருத்துவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஊசி வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

முகமூடிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. முதலாளிக்கும் அதுவே பிடிக்கும். செலவு குறைவு, வேலை நிற்காது. துண்டை முகத்தில் கட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற துகள் சில மைக்ரான் அளவுதான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. துண்டின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாகப் போய்வரும். என்-95 முகமூடியின் துணி உண்மையிலேயே நுண்துகளில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடிக்கும். ஆனால் அது துணியின் கணக்கு. முகத்தோடு ஒட்டாத இடத்தில் காற்று வடிகட்டாமல் நுழைந்துவிடும். தாடி இருந்தால் ஒட்டாது. வியர்த்தால் நழுவும்.

சரவாங்கி உள்ளவருக்கு இதில் தனிச் சங்கடம் இருக்கிறது. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். அந்த முகமூடியை மாட்ட இரண்டு ரப்பர் பட்டைகளை இழுத்து, ஒன்றை உச்சந்தலைக்கும் ஒன்றைப் பிடரிக்கும் கொண்டுபோக வேண்டும். பிறகு மூக்கின் மேல் உள்ள தகட்டை இரண்டு கை விரல் நுனியாலும் அழுத்தி வளைக்க வேண்டும். காலை ஏழு மணி ஷிப்டில் சித்தப்பாவின் தோள் உச்சந்தலை வரை உயராது. விரல் நுனியில் அழுத்த வலு இருக்காது. தகட்டை வளைக்காமலேயே போட்டுக்கொண்டு போவார். மாலையில் கழற்றினால் மூக்கின் இரு பக்கமும் கரிக்கோடு ஓடியிருக்கும். "போட்டும் இதுதான், போடாமலும் இதுதான் கண்ணு" என்பார். இறுக்கம் தேவைப்படாத, பேட்டரி விசிறியால் வடிகட்டிய காற்றைத் தலைக்கவசத்துக்குள் அனுப்பும் வகையும் உண்டு. அது உண்மையில் நல்ல காவல். விலையும் எடையும் அதிகம். கழுத்து எலும்பிலும் சரவாங்கி இறங்கியிருந்தால் அந்தக் கனம் ஆகாது. ஆகவே முகமூடியைத் தனி வழியாக நான் ஏற்கமாட்டேன். வேறு வழியோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியது அது.

தூசியையே குறைப்பது இரண்டாவது வழி. நியாயமாக இதுதான் முதலில் நடக்க வேண்டியது, ஏனென்றால் சித்தப்பாவோடு சேர்த்து அந்தக் கூடத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் பயன். கிரைண்டர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சு குழாய் வைத்தால் தூசி மூக்குக்கு வருமுன்பே போய்விடும். ஒட்டிய மணலைக் கையால் தேய்ப்பதற்குப் பதிலாக, மூடிய பெட்டிக்குள் எஃகுக் குண்டுகளை வீசி உதிர்க்கும் ஷாட் பிளாஸ்டிங்கில் முதலில் போட்டு எடுத்தால் கிரைண்டருக்கு வரும்போது மணலே குறைவாக இருக்கும். கிரஷரிலும் குவாரியிலும் இது இன்னும் எளிது: தண்ணீர் தெளித்தாலே பெருமளவு அடங்கும். வார்ப்பில் தண்ணீர் பட்டால் துருப் பிடிக்கும் என்று பவுண்டரியில் தயங்குவார்கள்.

செலவே இல்லாத மாற்றங்களும் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்ததும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காற்றுக் குழாயைப் பிடிக்க, மற்றவர் கையை விரித்து நிற்பார். சட்டையில் படிந்த தூசியை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவார்கள். ஆள் தெரியாத அளவுக்கு மேகம் எழும். நாள் முழுக்கப் பறந்ததில் மிக நுண்ணியது எதுவோ அதையே கடைசி ஐந்து நிமிடத்தில் முகத்துக்கு நேராக எழுப்பி உள்ளே இழுக்கிறார்கள். அதை நிறுத்த ஒரு ரூபாய் செலவில்லை. விளக்குமாற்றால் உலர்ந்த தரையைப் பெருக்குவதும் அப்படித்தான். நனைத்துப் பெருக்கலாம், அல்லது உறிஞ்சலாம். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தி வாசலில் உதறியதும் தப்பு என்று இப்போது தெரிகிறது.

இந்த வழியின் குறை, அது நம் கையில் இல்லை என்பதுதான். அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் நுண் சிலிக்கா சராசரியாக 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அது ஒரு சிட்டிகை உப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வராது. கண்ணுக்குத் தூசியே தெரியாத கூடத்திலும் அந்த அளவு தாண்டியிருக்கலாம். அளந்து பார்த்தால்தான் உறிஞ்சு குழாய் வேலை செய்கிறதா என்று தெரியும். அளக்கிற முதலாளிகள் குறைவு. அதுவரை சித்தப்பாவின் நுரையீரல் காத்திருக்க முடியாது.

மூன்றாவது, பிரிவு மாற்றம். அதே கம்பெனி, அதே இ.எஸ்.ஐ., அதே பணிக்காலத் தொடர்ச்சி. ஆனால் எங்கே மாறுகிறோம் என்பதில்தான் எல்லாம். மணல் அச்சு செய்யும் மோல்டிங்குக்கும் கோர் ஷாப்புக்கும் போனால் மணல் கூடவே வரும். அச்சை உடைக்கும் நாக்-அவுட் அதைவிட மோசம். ஃபெட்லிங் கூடத்திலேயே மேற்பார்வை என்றார்கள் முதலில். அது கிரைண்டரைக் கையிலிருந்து எடுத்துவிட்டுத் தூசிக்குள்ளேயே நிற்கவைப்பது. தனிக் கட்டடத்தில் இருக்கும் இன்ஸ்பெக்ஷன், ஸ்டோர், டிஸ்பாட்ச் எழுத்து வேலை ஆகியவைதாம் உண்மையான மாற்றம். மூட்டுக்கும் இது நல்லது: கிரைண்டரின் அதிர்வும் இறுக்கிப் பிடிக்கும் பிடியும் வீங்கிய மணிக்கட்டுக்கு ஆகாதவை. இழப்பு, ஃபெட்லிங்கில் உருப்படிக் கணக்கில் கிடைத்துவந்த ஊக்கத்தொகை. கௌரவமும்தான். 22 வருடத் தொழில்காரர் நேற்று வந்த டிப்ளமா பையனிடம் அளவு பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசி வழி, விட்டுவிடுவது. மாமா ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில்லுக்குக் கூப்பிட்டார். பஞ்சாலையில் இடம் இருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டிலும் சிலிக்கா இல்லை என்பது சரி; தூசி இருக்கிறது. பஞ்சுத் தூசிக்கென்றே ஒரு நுரையீரல் நோய் உண்டு. மலேசியாவில் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் ஜவுளித் தூசிக்கும் சரவாங்கிக்கும் தொடர்பு தென்பட்டது. ஒரு தூசியை விட்டு இன்னொன்றுக்குப் போவதற்கு வேலையை விட வேண்டியதில்லை.

விட்டாலும் உள்ளே படிந்தது போய்விடாது. சிலிக்கா தூசி படிவதால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், வேலையை விட்ட பிறகும் வளரக்கூடியது. அதனால் "விட்டுவிட்டேன், இனிப் பரிசோதனை எதற்கு" என்று இருக்க முடியாது. அவசரமாக ராஜினாமா எழுதிக் கொடுப்பதில் வேறொரு நஷ்டமும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் அது தொழில்சார் நோய். சிறப்பு மருத்துவக் குழு பார்த்துச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று நிர்ணயித்தால் நிரந்தர ஊனப் பயனாக மாதாமாதம் பணம் உண்டு. அதற்கு எந்தப் பிரிவில், எத்தனை வருடம் என்ற ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, பணி அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. எண், எல்லாப் படங்கள், மருத்துவர் கைப்பட எழுதிய "பவுண்டரி தூசி, 22 வருடம்" என்ற வரி. இவற்றைச் சேர்க்காமல் வெளியே வந்தவர்கள் பிறகு அலைவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சுத் திறன் கணிசமாகக் குறைந்தவருக்கு, வட்டங்கள் சேர்ந்து பெரிய திட்டாக மாறிக்கொண்டிருப்பவருக்கு, தூசியில்லாத பிரிவே இல்லாத சிறு பட்டறைக்காரருக்கு விலகல்தான் வழி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காகிதம் முதலில்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். காப்லன் கட்டிகளைக் கரைக்கவென்று தனி மருந்து இல்லை. பலருக்கு அவை பெரிய தொல்லை தராமலே கிடக்கும். சில தானாக மறைவதும் உண்டு. சரவாங்கிக்கான மருந்தை நிறுத்தக் கூடாது, ஆனால் எந்த மருந்து என்பதை மூட்டு மருத்துவரும் மார்பு மருத்துவரும் சேர்ந்து பேச வேண்டும். வாரம் ஒரு முறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் அரிதாக நுரையீரலில் திடீர் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் முதல் வருடத்தில். புதிதாக வறட்டு இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் அடுத்த வாரத்து மாத்திரைக்கு முன்னால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அந்தப் பயத்தில் நல்லபடி ஒத்துக்கொண்ட மருந்தை நாமாக விடுவது தவறு. லெஃப்ளுனோமைடு என்ற சரவாங்கி மருந்தை நுரையீரல் தழும்பு உள்ளவர்களுக்குத் தவிர்க்கவே பார்ப்பார்கள். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உள்ளே உறங்கும் காசநோயைக் கிளப்பிவிடக் கூடியவை. தூசி நுரையீரலோடு அவற்றைத் தொடங்குமுன் உறங்கும் காசநோய்க்கான சோதனை கட்டாயம். பீடியை விடுவதைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை. சித்தப்பா விட்டுவிட்டார், இரண்டாவது முயற்சியில்.

எங்கள் முடிவு மூன்றாவது வழி. இன்ஸ்பெக்ஷன், தனிக் கட்டடம், மதியம் இரண்டு மணி ஷிப்ட். அதற்குள் விரல்கள் இளகிவிடும். அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரைப் பிடிக்க முதல் வாரம் தடுமாறினார், இப்போது பழகிவிட்டது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் குறைகிறது. சித்தி அதைத் தையலில் ஈடுகட்டுகிறார். சட்டையை ஊதுவதை நிறுத்தச் சொல்லிப் பேசியதில் கம்பெனி ஒப்புக்கொண்டது. உறிஞ்சு குழாய் இரண்டு கிரைண்டருக்கு வந்திருக்கிறது, இன்னும் எட்டு பாக்கி. ஆறாம் மாதப் படத்தில் புது வட்டம் எதுவும் இல்லை.

அவர் விட்டுவந்த கிரைண்டரை இப்போது பிடிப்பவனுக்கு வயது 24. போன வாரம் அவனைக் கேன்டீனில் உட்காரவைத்து, காலையில் எழுந்ததும் விரல் சுளுவாக மடங்குகிறதா என்று சித்தப்பா கேட்டாராம். மடங்குகிறது என்றானாம். எதற்கும் இப்போதே ஒரு நெஞ்சுப் படம் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லி, இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத் தானே கூட்டிப்போக நாள் குறித்திருக்கிறார்.